பாலம் மூடிக் கிடந்த லீவு

நம் வயதுக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்தால் போதும், சின்ன வயதில் லீவுக்குப் போன ஊர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறோம். என்ன வெயில், என்ன மாம்பழம், ஒரே அறையில் எத்தனை பேர் படுத்தோம் என்று ஒருவரை ஒருவர் மிஞ்சிக்கொண்டு சொல்கிறோம். பேரப்பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாம் சொல்வது பாதிக் கதைதான். பாதிக் கதை சலிப்பாகத்தான் இருக்கும். எனக்கும் ஒரு டெல்லி லீவு உண்டு. இத்தனை வருடமாக நானும் அதன் நல்ல பாதியை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். மீதியை நினைத்தால் குமட்டும். இப்போது அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. திருச்சியிலிருந்து அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். ஜங்புராவை ஒட்டிய சர்க்கார் குவார்ட்டர்ஸ். மஞ்சள் சுண்ணாம்பு அடித்த இரண்டு மாடிக் கட்டடங்கள், ஜன்னலில் பொருத்திய தகரக் கூலர், அதிலிருந்து வரும் ஈர வைக்கோல் வாசனை. பெரியப்பா செக்‌ஷன் ஆபீசர். எங்கள் கட்டடத்து நான்கு வீடுகளுக்கும் செக்ரட்டரியும் அவர்தான். தெருவிளக்கு எரியாவிட்டாலும், சாக்கடை அடைத்தாலும், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் ஏதாவது என்றாலும் அவர்தான் ஆபீசுக்கு எழுதிப்போடுவார்.

நாங்கள் போய் இறங்கியதும் அப்பாவிடம் ஒரு தாளை நீட்டினார். எந்த நாள் எந்த இடம், எத்தனை மணிக்குப் புறப்படுவது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று டைப் அடித்து வைத்திருந்தார். மேல்தாளை அவர் வைத்துக்கொண்டார். அப்பாவுக்குக் கார்பன் பிரதி. அப்பா அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அண்ணன் முன்னால் அப்பா சேரில் சாய்ந்துகூட உட்கார மாட்டார்.

மூன்றாம் நாள் காலையில் பெரியப்பா மகள் பால் வாங்கப் போய்விட்டு ஓடிவந்தாள். என்னைவிட மூன்று வயது பெரியவள். டெல்லியிலேயே பிறந்தவள்.

"பப்பா, ராஸ்தா பந்த். நாலா மேல இருக்கிற புல் டூட் கயா. யாரையும் விடல."

குவார்ட்டர்ஸையும் பெரிய ரோட்டையும் பிரித்துக்கொண்டு ஒரு நாலா ஓடியது. பெரிய சாக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் இருந்த பாலத்தில் ஒரு பக்கம் இடிந்து உள்ளே விழுந்துவிட்டது. போய்ப் பார்த்தோம். தார் டிரம்களை வரிசையாக வைத்துச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். நடந்து போகிறவர்களைக்கூட விடவில்லை. பஸ் ஸ்டாப், மார்க்கெட், நிஜாமுதீன் ஸ்டேஷன் எல்லாம் அந்தப் பக்கம். பெரியப்பா பாலத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். தன் கீழ் வேலை செய்கிற குமாஸ்தா சொல்லாமல் லீவு போட்டுவிட்டதைப் போல அவருக்குக் கோபம்.

"எல்லாரும் சுத்திப் போவாங்கள்ல, நாமளும் சுத்திப் போவோம். புரோகிராம் மாறாது" என்றார்.

சுற்றிப்போகிற பஸ்ஸில் அன்றைக்குச் செங்கோட்டைக்குக் கிளம்பினோம். பாலத்தில் போக வேண்டிய வண்டிகள் எல்லாம் ஒரே சந்தில் வந்து சேர்ந்திருந்தன. பஸ் நகரவில்லை. தகரம் கொதித்தது. வியர்வை, டீசல், யாரோ மடியில் வைத்திருந்த வெங்காய மூட்டை. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு தாத்தா எச்சரிக்கை எதுவும் இல்லாமல் அம்மாவின் பட்டுப்புடவை மேல் வாந்தி எடுத்தார். அம்மா அந்த மடிப்பைக் கையில் பிடித்தபடி ஒன்றரை மணி நேரம் நின்றாள். போய்ச் சேர்ந்தபோது கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். வெளியே நின்று சுவரைப் பார்த்தோம். பெரியப்பா தாளை எடுத்துச் செங்கோட்டை என்ற வரிக்குப் பக்கத்தில் டிக் போட்டார்.

மறுநாள் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவிடம் பெரியம்மா இதைச் சொல்லிப் புலம்பினாள். அந்த அக்கா தமிழ்தான். கள்ளக்குறிச்சிப் பக்கம். நாலாக் கரையில் குடிசைகளாக இருந்த மதராசி கேம்ப்பிலிருந்து வந்து எங்கள் கட்டடத்தின் நான்கு வீட்டிலும் வேலை செய்தார். ஒல்லியான உடம்பு, பெரிய பாதங்கள். அவருக்கு டீ கொடுக்கிற டம்ளர் மட்டும் பின்வாசல் ஜன்னல் விளிம்பில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும்.

"எங்க கேம்ப்பு வழியா வாங்கம்மா. நாலா மேல பலகை போட்டிருக்கோம். பத்து நிமிஷத்துல அந்தாண்ட பஸ் ஸ்டாப்புக்குப் போயிடலாம்" என்றார் அவர்.

பெரியம்மா முகம் சுருங்கியது. "ஜுக்கிக்குள்ள, அந்தக் குடிசைங்களுக்குள்ள பூந்தா? குழந்தைங்கள வச்சுக்கிட்டு?"

"குழந்தைங்க நாங்களும் வச்சிருக்கோம்மா" என்று சிரித்தார் அந்த அக்கா.

பெரியம்மாவுக்கு இஷ்டமில்லை. ஆனால் புரோகிராம் இருந்தது. எல்லாருடைய கைக்குட்டையிலும் பெரியம்மா சென்ட் தெளித்துக் கொடுத்தாள். எதையும் தொடக் கூடாது, யார் எதைக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது, வாயைத் திறந்து மூச்சு விடக் கூடாது. கிளம்பினோம்.

அந்த நாலாவை நான் மறக்கவில்லை. தண்ணீர் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. கறுப்பாக, கூழைப் போலக் கெட்டியாக, நகர்கிறதா இல்லையா என்று தெரியாமல் கிடந்தது. அங்கங்கே குமிழ் கிளம்பி வெடிக்கும். வெடிக்கும் இடத்திலிருந்து நாற்றம் தனியாக வந்து அடிக்கும். கரையில் பன்றிகள் வயிறு அமிழப் படுத்திருந்தன. இரண்டு இரும்புக் கம்பங்களைக் குறுக்கே போட்டு, மேலே பலகைகளைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் கறுப்பு தெரியும். இந்தச் சாக்கடையில் வந்து சேர்வது மேலே இருக்கிற காலனிகளின் கக்கூஸ் என்பதும், நாங்கள் தங்கியிருந்த வீட்டின் கக்கூசும் அதில் சேர்த்தி என்பதும் எனக்கு அப்போது தெரியாது. பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் பலகைக்கு முன்னால் வரும் கேம்ப்புக்குள் நுழைந்ததும் நான் கைக்குட்டையை எடுத்துவிட்டேன். நாற்றம் போய்விடவில்லை. தமிழ் கேட்டது. டெல்லிக்கு வந்த நாளிலிருந்து தெருவில் யாரிடமும் ஒரு வார்த்தை பேச முடியாமல் இருந்தேன். இங்கே திரும்பிய பக்கமெல்லாம் தமிழ். குழாயடியில் சண்டை தமிழில். ஒரு வீட்டில் ரேடியோ. தண்ணீர் தெளித்த வாசல்களில் கோலம். வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசிய சின்ன அம்மன். சந்து இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத அகலம், ஆனால் பெருக்கியிருந்தது. ஒரு பெரியவர் பாயில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"ஊர்லேந்து வரீங்களா? எந்த ஊரு?" என்று கேட்டார்.

பெரியப்பா அவருக்கு இந்தியில் பதில் சொன்னார்.

நான் பெரியப்பாவை அண்ணாந்து பார்த்தேன். பெரியவரும் பார்த்தார். பிறகு அவரும் தலையை ஆட்டி, "அச்சா, அச்சா" என்றார்.

அதன் பிறகு தினமும் அந்த வழிதான். குதுப்மினார், பிர்லா மந்திர், மிருகக்காட்சிசாலை எல்லாம் பார்த்தது அந்தப் பலகை மேல் நடந்துதான். காலையில் அந்த அக்கா எங்களைக் கூட்டிப்போய் அந்தக் கரையில் விடுவார். சாயங்காலம் நான்கு வீட்டு வேலையை முடித்துவிட்டுப் பலகையின் முனையில் வந்து நிற்பார். பெரியம்மாவுக்குப் பலகையில் தலைசுற்றும். அந்த அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கடப்பாள். கடந்ததும் கையை விட்டுவிட்டு, அந்தக் கையைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொண்டு வீடு வரை நடப்பாள். வந்ததும் சோப்பு போட்டுக் கழுவுவாள். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு நானும் கழுவினேன். அம்மா, "சமர்த்து" என்றாள்.

ஒரு சாயங்காலம் நாங்கள் திரும்பும்போது ஆந்தி வந்தது. டெல்லியில் கோடையில் கிளம்புகிற புழுதிக் காற்று. வானம் செங்கல் நிறமாகிவிடும். மற்றவர்கள் பலகையைக் கடந்துவிட்டார்கள். நான் கடைசி. நடுவில் நின்று அழுதேன். அந்த அக்கா வந்து என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டார். பதினோரு வயதுப் பெண்ணை. மற்றவர்கள் அம்மன் கோயில் பக்கம் ஓடிவிட்டார்கள். கண்ணைத் திறக்க முடியவில்லை. அவர் என்னைத் தன் வீட்டுக்குள் கொண்டுபோய்த் தகரக் கதவைச் சாத்தினார்.

ஒரே அறை. ஒரு கட்டில், அதற்கடியில் செங்கல் வைத்து உயர்த்திய டிரங்குப் பெட்டி, சுவரில் வரிசையாகப் பளபளக்கும் எவர்சில்வர் தட்டுகள். முகத்தைத் துடைத்துவிட்டார். மூடியிருந்த பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

"குடி பாப்பா. காச்சின தண்ணிதான். இந்த ஊரு தண்ணி நமக்கு சேராது. நான் தெனம் காச்சித்தான் ஊத்தி வெப்பேன்."

பெரியப்பா வீட்டில் தண்ணீர் காய்ச்ச மாட்டார்கள். கவர்ன்மென்ட் தண்ணீர், காய்ச்ச வேண்டியதில்லை என்பார் பெரியப்பா.

பசிக்கிறதா என்று கேட்டார். பசித்தது. தயிர்ச்சோறு பிசைந்து, பச்சை மிளகாய் வதக்கியதைத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தார். தகரக் கூரை மேல் மண் கொட்டுகிற சத்தம். நான் தட்டை வழித்துத் தின்றேன். அந்த லீவில் நான் ருசித்துத் தின்ற ஒரே சோறு அதுதான்.

"வீட்ல சொல்லாத, உன்னத் திட்டுவாங்க" என்றார். என்னைத் திட்டுவார்கள் என்றுதான் சொன்னார். தனக்கு ஏதாவது வரும் என்று நினைத்ததாகத் தெரியவில்லை.

நான்கு நாள் கழித்து எனக்கு வாந்தி தொடங்கியது. பிறகு வயிற்றுப்போக்கு. விவரம் வேண்டாம். பாத்ரூம் தரையின் சில்லிப்பும், பித்தளைப் பக்கெட்டின் விளிம்பும், அம்மா என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு சொன்ன சாமி பெயர்களும் நினைவிருக்கின்றன. பெரியப்பாவும் இரண்டு நாள் ஆபீஸ் போகவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். மாடி வீட்டுப் பஞ்சாபிக் குடும்பத்தில் கைக்குழந்தைக்கு முடியவில்லை. அவர்கள் அனல்காற்று தாக்கிவிட்டது என்றார்கள். யாரும் இதையெல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்க்கவில்லை.

"வெளிய என்ன தின்ன? சொல்லு. சொன்னாத்தான் டாக்டர் மருந்து குடுப்பாரு" என்று பெரியம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சொல்லிவிட்டேன். சொன்னதும் அறையில் எல்லாருக்கும் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். காரணம் கிடைத்துவிட்ட நிம்மதி. பெரியம்மா கிட்டத்தட்டச் சந்தோஷமாக இருந்தாள்.

மறுநாள் காலை அந்த அக்காவைப் பின்வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நான் உள்ளே கட்டிலில் படுத்திருந்தேன். எல்லாம் கேட்டது.

"அந்தச் சாக்கடைல இருந்துக்கிட்டு ஊர்ப் பிள்ளைக்குச் சோறு போடச் சொன்னது யாரு உன்ன?"

"காச்சின தண்ணிதாம்மா குடுத்தேன். என் புள்ளைங்களும் அதத்தான் துன்னுச்சு."

"உன் பிள்ளைங்களுக்கு அது பழக்கம். இது நல்லா வளந்த பிள்ளை."

பிறகு அந்த அக்கா, "பாப்பா எப்பிடி இருக்குது?" என்று கேட்டார். பெரியம்மா கதவைச் சாத்தினாள். அந்தத் தனி டம்ளர் குப்பையில் விழுகிற சத்தம் கேட்டது. பெரியப்பா அதோடு விடவில்லை. மற்ற மூன்று வீட்டுக்கும் செக்ரட்டரி என்கிற முறையில் போய், சுகாதாரக் காரணத்தால் அவரை நிறுத்திவிடுவது நல்லது என்று சொன்னார். நான்கு வீடும் ஒரே நாளில் போயிற்று.

அதற்கு மறுநாள் பெரியப்பா மகள் குழாயைத் திறந்தாள். வாளியில் ஒரு இறகு விழுந்தது.

பெரியப்பாவும் அப்பாவும் மொட்டைமாடிக்குப் போனார்கள். நாங்கள் இருவரும் பின்னாலேயே ஏறினோம். எனக்கு அப்போது நடக்க முடிந்திருந்தது. சிமென்ட் தொட்டியின் மூடி பழைய மூடி; குளிர்காலத்திலேயே பாதி உடைந்துவிட்டது. ஆபீசுக்கு எழுத வேண்டும் என்று சொல்லிச் சொல்லி, ஒரு பிளைவுட் பலகையைப் போட்டுச் செங்கல் வைத்திருந்தார் பெரியப்பா. ஆந்தியன்று பலகை பறந்துவிட்டிருந்தது. அப்பா குனிந்து பார்த்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புறா. ஒன்றில்லை, இரண்டு. ஊதிப்போய், ஈரத் தலையணை மாதிரி மிதந்தன. ஒன்றின் வயிறு திறந்திருந்தது. இறகு உதிர்ந்த இடத்தில் தோல் சாம்பல் நிறத்தில் பிய்ந்து தண்ணீரோடு ஆடியது. பெரியப்பா ஒரு கம்பியால் இழுத்தபோது கால் மட்டும் தனியாக வந்தது. இதைத்தான் ஒரு வாரமாகக் குடித்தோம். இதில்தான் சோறு வடித்தார்கள். இதைத்தான் பெரியம்மா தினமும் வெள்ளிச் சொம்பில் பிடித்துச் சாமிக்கு வைத்தாள். இந்தத் தண்ணீரில்தான் அந்த அக்காவைப் பிடித்த கையைக் கழுவினாள்.

பெரியப்பா மகள் சுவரோரம் போய் வாந்தியெடுத்தாள். பெரியப்பா கம்பியைக் கீழே போட்டார்.

"இத யாருகிட்டயும் சொல்ல வேணாம். மேல்வீட்டுக்காரன் தெரிஞ்சா செக்ரட்டரி என்ன பண்ணிட்டிருந்தான்னு கேப்பான்."

அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்ப அந்தப் பொம்பளையக் கூப்ட்டு ஒரு வார்த்த சொல்லிடலாமேண்ணே? பாவம், நாலு வீடு போச்சு."

"என்னன்னு சொல்லுவ? புறா செத்துக் கெடந்துச்சுன்னா? சாயங்காலத்துக்குள்ள காலனி முழுக்கத் தெரிஞ்சுடும். அதுக்கென்ன, வேற வீடு கெடைக்கும்."

அப்பா சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நின்றார். என் அப்பா யாரையும் ஏமாற்றியதில்லை, யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. இன்றும் ஊரில் அவரைத் தங்கமான மனிதர் என்கிறார்கள். நான் அந்த மொட்டைமாடியில் அவர் நின்ற நிலையைப் பார்த்தவள். படியிறங்கும்போது என் தோளில் கை வைத்து, "சொல்லாத கண்ணு" என்றார். அந்தக் கை பிசுபிசுவென்று ஈரமாக இருந்தது. நான் தோளைச் சுருக்கிக்கொண்டேன்.

தொட்டியை யாருக்கும் தெரியாமல் மருந்து போட்டுக் கழுவினார்கள். புது மூடி இரண்டே நாளில் வந்தது. பெரியம்மா பூஜைப் பாத்திரங்களைப் புளி போட்டு மூன்று முறை தேய்த்தாள். வேறு ஒரு பெண் வேலைக்கு வந்துவிட்டார்.

நாங்கள் ஊருக்குத் திரும்பும் நாளிலும் பாலம் மூடித்தான் இருந்தது. ஆட்டோ எதுவும் உள்ளே வர மாட்டேன் என்றது. ஸ்டேஷனுக்குச் சுற்றிப்போனால் வண்டியைப் பிடிக்க முடியாது. பெட்டி, படுக்கை, முறுக்கு டின் எல்லாவற்றோடும் அந்த வழியாகவே போனோம். சந்தில் எல்லாரும் பார்த்தார்கள். யாரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. முந்தின நாள் தூறலில் பலகை வழுக்கியது. பெரியம்மா கரையிலேயே நின்றுவிட்டாள். அப்பா பெட்டியோடு பலகையில் ஒரு காலை வைத்தார், எடுத்தார்.

பின்னாலிருந்து, "குடுங்கய்யா" என்று குரல் கேட்டது.

அந்த அக்கா படுக்கையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கரையில் கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பிவந்து பெட்டியை எடுத்துப்போனார். எல்லாரும் வந்து சேர்ந்ததும் என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"வவுறு சரியாப் போச்சா பாப்பா?"

தலையாட்டினேன்.

"நானும் ரோசன பண்ணிக்கினேதான் இருந்தேன். தண்ணி காச்சினதுதான். சோறும் அன்னிக்கு வடிச்சது. தயிருதான் வெயில்ல கொஞ்சம் கெட்டுப் போயிருந்துச்சோ என்னமோ, எனக்குத் தெரியல. மனசுல வெச்சிக்காத."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். சுற்றி நான்கு பெரியவர்கள் நின்றார்கள். அம்மா முறுக்கு டின்னைக் கை மாற்றினாள். அப்பா ஸ்டேஷன் பக்கம் பார்த்தார். பெரியம்மா புடவை விளிம்பில் சேறு பட்டிருக்கிறதா என்று பார்த்தாள். பெரியப்பா, "அச்சா, அச்சா. ஜல்தி, வண்டிக்கு நேரமாச்சு" என்றார்.

எனக்கு வாய் இருந்தது. அவர் மொழி என் மொழி. ஒரு வரி போதும். நான் சொல்லவில்லை.

வளர்ந்த பிறகு சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தானே நாம் எல்லாவற்றையும் தள்ளிப்போடுகிறோம். எட்டு வருடம் முன்பு மகளுக்கு டெல்லியில் வேலை கிடைத்தபோது கேம்ப்புக்குப் போனேன். நாலாவின் மேல் சரியான பாலம் இருந்தது. வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு பெண்ணிடம், கள்ளக்குறிச்சிக்காரர், குவார்ட்டர்ஸில் நான்கு வீட்டில் வேலை செய்தவர் என்று சொன்னேன்.

"இங்க எல்லாரும் கள்ளக்குறிச்சி, வியுப்புரந்தாம்மா. எல்லாரும் வூட்டு வேலதான். பேரு சொல்லுங்க."

பெயர் தெரியாது. அந்த மூன்று வாரத்தில் எங்கள் வீட்டில் ஒருவரும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

"என்னா விசயமா தேடுறீங்க?" என்றார் அந்தப் பெண்.

அவரிடமாவது சொல்லியிருக்கலாம். எங்கேயாவது போய்ச் சேர்ந்திருக்கும். "சும்மாதான், பாக்கலாம்னு" என்றேன்.

போன வருடம் கேம்ப்பில் பெரும்பாலான வீடுகளை இடித்துவிட்டார்கள். வீடு கிடைத்தவர்கள் ஊருக்கு வெளியே வெகுதூரம் போனார்களாம். கிடைக்காதவர்கள் எங்கே போனார்கள் என்று மகளுக்குத் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு, சின்னக் குழந்தைதானே, உனக்கு என்ன தெரியும் என்று யாரும் எனக்கு ஆறுதல் எழுத வேண்டாம். எனக்குத் தெரிந்திருந்தது.